சிறைக்குள் தொற்று பரவினால் மாநகர சுகாதாரத் துறையின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

வைகைக்கரை எழுதியது:

ஒரு தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் சின்னம்மை கண்டால், அப்பகுதிச் சுகாதார ஆய்வாளர் மறுநாளே அங்கு செல்வார். யாருக்கு எப்போது கொப்புளம் தோன்றியது, வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா, அந்தக் குழந்தை எந்தப் பள்ளிக்குச் செல்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பு மாநகராட்சியின் சுகாதாரப் பொறுப்பாளரான நகர்நல அலுவலரின் பார்வைக்குப் போகும். அதே சின்னம்மை ஒரு சிறையின் ஒரே பிளாக்கில் மூவருக்குக் கண்டால், அந்தச் செய்தி எங்கே போகிறது? மதுரை மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தக் கேள்வியை இங்கு வைக்கிறேன்.

அரசரடியில் 1865-ஆம் ஆண்டு முதல் மத்திய சிறை இருக்கிறது. நகரம் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது. குடிநீரும் கழிவுநீரும் கொசுவும் மதிலின் இரு பக்கத்துக்கும் பொதுவானவை. உள்ளே இருப்பவர்களில் பெரும்பான்மையோர் நிலையாக இருப்பவர்களும் அல்லர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ரிமாண்டில் வருகிறார்கள், பெயிலில் போகிறார்கள், வாய்தாவுக்கு நீதிமன்றம் சென்று திரும்புகிறார்கள். நாடு முழுவதற்குமான நிரம்பல் அளவு அவ்வாண்டு 131.4 விழுக்காடு. தமிழ்நாட்டில் மொத்த எண்ணிக்கை கொள்ளளவுக்குள்ளேயே இருந்தது என்பது ஆறுதல்தான். ஆனாலும் மாநிலச் சராசரியை வைத்து ஒரு குறிப்பிட்ட பிளாக்கில் எத்தனை பேர் அருகருகே படுத்து உறங்குகிறார்கள் என்பதை அறிய முடியாது.

என் கருத்து இதுதான்: சிறை மருத்துவர் ஒருவரை மட்டும் நம்பித் தொற்றுப் பரவலைக் கட்டுப்படுத்த இயலாது. அவர் நோயாளியைக் குணப்படுத்துவார். நோயாளி யாரோடு இருந்தார், எந்தக் கிளைச் சிறையிலிருந்து வந்தார், நாளை எந்த ஊருக்குப் போவார் என்பதைத் தொடர்ந்து பார்ப்பது பொது சுகாதாரத் துறையின் வேலை. சிறையை மாநகராட்சியின் மற்றொரு வார்டாகவே அத்துறை கருத வேண்டும் என்று நினைக்கிறேன். சிறைத்துறையில் பணியாற்றியவர்களும் சட்டம் அறிந்தவர்களும் மருத்துவர்களும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.


பழைய துணை ஜெயிலர் எழுதியது:

ஐயா எழுப்பிய கேள்வி நியாயமானது. ஆனால் சிறைக்காரர்கள் நோயை மறைக்கிறார்கள் என்ற பொருள் அதில் தொனித்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். தென்மாவட்டச் சிறைகளில் நெடுங்காலம் பணியாற்றியவன் நான்.

ஒரு கைதிக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அறிபவர் வார்டர். அவர் ஜெயிலரிடம் சொல்கிறார், சிறை மருத்துவமனையில் காட்டுகிறார்கள். அங்கு முடியாததை வைகைக்கு அப்பால் பனகல் சாலையில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனைக்கு, அதாவது நம் மக்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் இடத்துக்கு, அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு வழிக்காவல் வேண்டும். வழிக்காவலர் ஆயுதப்படையிலிருந்து வர வேண்டும். திருவிழா, தலைவர்கள் வருகை, தேர்தல் என்று ஏதேனும் ஒன்று வந்தால், அன்று மருத்துவமனைக்குப் போக வேண்டியவர் போக முடியாது. சித்திரைத் திருவிழாவின்போது மதுரையில் ஒரு காவலரைக்கூட வேறு பணிக்குக் கேட்க முடியாது என்பதை இந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள். இருமலோடு இருக்கும் ஒருவரின் சளிப் பரிசோதனை இவ்வாறு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் அவர் அதே பிளாக்கில்தான் இருக்கிறார்.

ஆகவே, வெளியிலிருந்து அதிகாரிகள் வந்து எங்களைக் கண்காணிப்பதைவிட, வெளியிலிருந்து பரிசோதனைக் கருவியும் ஆளும் உள்ளே வருவதுதான் பயன் தரும். பத்துப் பேரை வெளியே அழைத்துச் செல்ல எத்தனை காவலர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு எக்ஸ்ரே வண்டி உள்ளே வருவதற்கு வாயிலில் ஒரு சோதனை போதும்.


கறுப்பு அங்கி எழுதியது:

மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் வழக்குரைஞராக இருக்கிறேன். சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறேன்; சட்டத்தில் இடம் இல்லை என்ற சாக்கு அடிக்கடி கேட்கிறது, ஆனால் இடம் இருக்கிறது.

1894-ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டம் பழைய சட்டம்தான். ஆனாலும் அதன் 24-ஆம் பிரிவு, புதிதாக வரும் குற்றவியல் கைதி ஒவ்வொருவரையும் இயன்ற விரைவில் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தி, உடல்நிலையைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது. 37-ஆம் பிரிவின்படி, உடல்நலம் குன்றியவராகத் தோன்றும் கைதியைப் பற்றி அவருக்குப் பொறுப்பான காவலர் தாமதமின்றி ஜெயிலருக்குத் தெரிவிக்க வேண்டும். இவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 7-ஆம் பிரிவு. சிறைக்குள் கொள்ளைநோய் பரவினால் கைதிகளைத் தற்காலிகச் சிறைகளில் பாதுகாப்பாகத் தங்க வைக்க ஏற்பாடு செய்யலாம் என்று அது கூறுகிறது. காலராவும் பிளேக்கும் இருந்த காலத்தில் எழுதியவர்கள், நெருக்கத்தைக் குறைக்காமல் நோயைக் குறைக்க முடியாது என்பதை அறிந்தே எழுதியிருக்கிறார்கள்.

1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் நம் மாநிலத்துக்கு உரியது; தொற்றுநோயைத் தெரிவிக்கும் கடமையையும் சுகாதார அலுவலரின் அதிகாரங்களையும் வகுத்தது. காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் நாடு முழுவதும் கட்டாயம். எச்.ஐ.வி. குறித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்புதல் பெறாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியிடக் கூடாது என்கிறது. கைதி என்பதால் அந்த உரிமை போய்விடுவதில்லை.

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் நேரடியாகக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல என்றாலும், நம் நீதிமன்றங்கள் அவற்றை மதித்துப் பேசுகின்றன. அவற்றின் 24-ஆம் விதி, சிறை மருத்துவம் பொது சுகாதார நிர்வாகத்தோடு நெருங்கிய தொடர்பில் அமைய வேண்டும், காசநோய், எச்.ஐ.வி. போன்றவற்றின் சிகிச்சை விடுதலைக்குப் பின்னும் அறுபடாமல் தொடர வேண்டும் என்கிறது. 35-ஆம் விதி, உணவு, சுகாதாரம், காற்றோட்டம், படுக்கை ஆகியவற்றை மருத்துவரோ தகுதியுள்ள பொது சுகாதார அமைப்போ முறையாக ஆய்வு செய்து சிறைக் கண்காணிப்பாளருக்கு ஆலோசனை கூற வேண்டும் என்கிறது. வைகைக்கரை ஐயா கேட்பது ஏறக்குறைய இதுவே.


மாசி வீதி எழுதியது:

மனத்தில் பட்டதை நேரடியாகக் கேட்கிறேன், யாரும் தவறாக எண்ண வேண்டாம். பெரியாஸ்பத்திரியில் விடியற்காலையிலேயே ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கும் ஏழைகள் ஏராளம். குற்றம் செய்யாத அவர்களுக்கே எக்ஸ்ரேயும் மருத்துவரும் போதவில்லை. இந்த நிலையில், சிறைக்குள் எக்ஸ்ரே வண்டியை அனுப்புவதற்கு முன்னுரிமை தருவது முறையா? என் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் இருந்தபோது நாங்கள் காத்திருந்த நேரத்தை நினைத்துத்தான் இதைக் கேட்கிறேன்.


வைகைக்கரை எழுதியது:

மாசி வீதி தம்பி, உங்கள் அம்மாவை நினைத்துக் கேட்ட கேள்வியை யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். ஆனால் விசாரணைக் கைதிகள் குற்றவாளிகள் என்று இன்னும் எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அவர்கள்தாம் நான்கில் மூன்று பங்கு. அது ஒருபுறம் இருக்கட்டும். நோயின் வழியை மட்டும் பாருங்கள். வார்டர் பணி முடிந்து வீட்டுக்குப் போகிறார். சமையலுக்கு அரிசி இறக்குபவர் போகிறார். மனு போட்டுப் பார்க்க வந்த மனைவி, கைக்குழந்தையோடு ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறுகிறார்.

1750-இல் இலண்டனில் நியூகேட் சிறையிலிருந்து ஓல்டு பெய்லி நீதிமன்றத்துக்கு அழைத்து வரப்பட்ட கைதிகளிடமிருந்து டைபஸ் காய்ச்சல் பரவி, நகரின் மேயரும் இரண்டு நீதிபதிகளும் உட்படப் பலர் இறந்தார்கள். ஆடைப் பேன் கடத்தும் அந்த நோய்க்கு அந்நாட்டில் சிறைக் காய்ச்சல் என்றே பெயர். 1774-இல் கைதிகளின் உடல்நலத்துக்கென அங்கு ஒரு சட்டம் வந்தது. அண்மைக் காலத்திலும் உதாரணம் உண்டு. 1991-இல் நியூயார்க் மாநிலச் சிறைகளில், பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய் கைதிகள் பலரின் உயிரைப் பறித்தது. மருத்துவமனையில் அவர்களுக்குக் காவல் இருந்த சிறை அலுவலர் ஒருவரும் இறந்தார். உங்கள் அம்மா காத்திருந்த அதே வரிசையில் ஒரு வார்டரின் அம்மாவும் காத்திருந்திருக்கக்கூடும் என்பதால்தான், உள்ளே செய்யும் பரிசோதனையை வெளியே இருப்பவர்களிடமிருந்து பறித்த பங்காக நான் பார்ப்பதில்லை.


தோப்பூர்க் காற்று எழுதியது:

நெஞ்சக நோய் மருத்துவன் என்ற முறையில் காசநோயைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்; சிறைத் தொற்றுகளில் மெதுவாகவும் ஆழமாகவும் சேதம் செய்வது அதுதான். 2019-இல் உலகச் சிறைகளில் இருந்த ஏறத்தாழ 1.1 கோடிப் பேரில் சுமார் 1,25,000 பேருக்குக் காசநோய் உண்டானதாக, 2023-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. வெளியுலக அளவைப் போல் இது கிட்டத்தட்ட பத்து மடங்கு. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் நோய் கண்டுபிடிக்கப்படவே இல்லை.

இங்கே நம் மாநிலத்தில் நடந்த ஒரு பழைய ஆய்வை நினைவுபடுத்துகிறேன். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், காசநோயாளிகளில் ஒரு பகுதியினரை மருத்துவ விடுதியிலும் மற்றொரு பகுதியினரை நெருக்கமான ஏழை வீடுகளிலேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். உடன் இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை. தகுந்த மருந்து தொடங்கியபின் நோயாளி பிறருக்குப் பரப்புவது வேகமாகக் குறைகிறது. உடன் இருப்பவர்களுக்குத் தொற்று பெரும்பாலும் சேர்வது நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய வாரங்களில்தான். சிறைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், தெரிந்த நோயாளியைப் பார்த்து அஞ்சுவதைவிட, தெரியாத நோயாளியைத் தேடுவதற்கே நம் ஆற்றலைச் செலவிட வேண்டும் என்பது விளங்கும்.

தேடுவது எப்படி? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா என்று கேட்டால் மட்டும் போதாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், கண்டறியப்பட்டவர்களில் சுமார் 43 விழுக்காட்டினரை எக்ஸ்ரே எடுத்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் அவர்கள் தவறிப்போயிருப்பார்கள். கையில் எடுத்துச் செல்லும் எக்ஸ்ரே கருவி இப்போது தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இருக்கிறது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தவரின் சளியை ட்ரூநாட் அல்லது சிபிநாட் கருவியில் இட்டால், சில மணி நேரத்தில் நோய் உண்டா, ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்துக்குக் கட்டுப்படுமா என்பது தெரிந்துவிடும். பழைய துணை ஜெயிலர் சொன்ன வழிக்காவல் சிக்கலுக்கும் இது விடை: சளி வெளியே பயணம் செய்யலாம், ஆள் செய்ய வேண்டியதில்லை. வழிக்காவல் இல்லாமலே டப்பாவை அனுப்பலாம்.

காற்றோட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் செய்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள், இயந்திரக் காற்றோட்டம் பொருத்திய நவீன அறைகளைவிட நன்றாகக் காற்றை மாற்றின. ஒரு மணி நேரத்தில் 12 முறை காற்று மாறும் அறையில் மிதக்கும் நுண்துளிகளில் 99 விழுக்காடு நீங்க 23 நிமிடம் ஆகும். 6 முறை மாறினால் 46 நிமிடம். மதுரைச் சிறையை நகருக்கு வெளியே மாற்றுவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு இருக்கிறது. புதிய கட்டடம் எங்கு எழுந்தாலும், வரைபடத்தில் கையெழுத்திடுவோரில் ஒரு பொது சுகாதார மருத்துவரும் இருக்க வேண்டும். கட்டிய பிறகு சன்னல் வைக்க எந்தச் சிறையும் சம்மதிக்காது.


உசிலம்பட்டிச் செல்வி எழுதியது:

இங்கு எழுதுவோர் எல்லோரும் உள்ளே நடப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். வெளியே வந்த அன்று நடப்பதை நான் சொல்கிறேன்.

என் தம்பி ஓர் அடிதடி வழக்கில் விசாரணைக் கைதியாக ஒரு சிறையில் இருந்தான். எந்தச் சிறை என்று சொல்ல விரும்பவில்லை. உள்ளே இருக்கும்போதுதான் அவனுக்குக் காசநோய் என்று கண்டுபிடித்து, மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன். வெளியே இருந்திருந்தால் அவன் குடிப்பதால் வரும் இருமல் என்று நாங்களே விட்டிருப்போம். பெயில் உத்தரவு சாயங்காலம் போய்ச் சேர்ந்தது. இருட்டிய பிறகு விட்டார்கள். அந்த நேரத்தில் மருந்தாளுநர் இல்லை. கையில் மாத்திரையும் இல்லை, எந்தக் காகிதமும் இல்லை. கேட்டால் மீண்டும் உள்ளே வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவனும் கேட்கவில்லை. ஊருக்கு வந்த சில நாளில், நிபந்தனைக் கையெழுத்துப் போடும் நாள் தவிர மற்ற நாளில் கரும்பு வெட்டப் போய்விட்டான். உடம்பு தேறியதுபோல் இருந்ததால் மாத்திரையை மறந்தே போனான். மீண்டும் இரத்தம் கலந்து சளி வந்த பிறகுதான், எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் விவரம் கேட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினார்கள்.

சிறையில் கொடுத்த சிகிச்சை நல்ல சிகிச்சைதான். அது வாயில் வரைக்கும்தான் இருந்தது. மருத்துவர் ஐயா, இப்படி நின்று போனால் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக மாறிவிடும் என்கிறார்களே, அது உண்மையா? வீட்டில் என் அம்மாவும் என் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.


தோப்பூர்க் காற்று எழுதியது:

சகோதரி, முதலில் உங்கள் தம்பியைப் பற்றி. இடையில் நின்ற சிகிச்சை எல்லாம் அவ்வாறு மாறிவிடும் என்பதில்லை. ஆனால் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் மீண்டும் தொடங்கும்போது சளியில் மருந்து எதிர்ப்புப் பரிசோதனை செய்வது அவசியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைச் செய்துவிட்டார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் உடனே செய்யச் சொல்லுங்கள். குடும்பத்தாரைப் பற்றி நீங்கள் கேட்டதற்கான விடையைப் பின்னர் விரிவாக எழுதுகிறேன்.

இப்போது இந்த விவாதத்துக்கு. செல்வி அவர்கள் சொன்னதுதான் இந்தப் பிரச்சினையின் நடுப்புள்ளி என்று கருதுகிறேன். வழக்கமான காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதம். பல விசாரணைக் கைதிகள் அதற்கு முன்பே வெளியே வந்துவிடுகிறார்கள். விடுதலை தேதியை முன்கூட்டியே அறிய முடியாது. ஆகவே விடுதலைக்கான ஏற்பாட்டை விடுதலை நாளில் செய்யக் கூடாது. நோய் கண்டறிந்த நாளிலேயே செய்ய வேண்டும். நிக்‌ஷய் என்ற தேசியக் காசநோய் இணையப் பதிவில் சிறையின் முகவரியோடு நிறுத்தாமல், சொந்த ஊர், அந்த ஊருக்கான ஆரம்ப சுகாதார நிலையம், ஒரு உறவினரின் கைப்பேசி எண் ஆகியவற்றை அன்றே எழுதிவிட வேண்டும். நோயாளியை ஒரு காசநோய்ப் பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வசதி அந்தத் தளத்திலேயே உண்டு. ஒரு மாத மாத்திரையும் பதிவு எண் எழுதிய அட்டையும் அடங்கிய உறை ஒன்றை, கைதியின் சொந்த உடைமைகளை வைக்கும் இடத்திலேயே அவர் பெயரிட்டு வைத்துவிட்டால், இரவு எத்தனை மணிக்கு விட்டாலும், கைக்கடிகாரத்தையும் பணத்தையும் திருப்பித் தருபவரே அதையும் தந்துவிடுவார். இதற்கு மருந்தாளுநர் இருக்க வேண்டியதில்லை.

ஊட்டச்சத்துக்காக அரசு தரும் மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கு இல்லாததால் சிறையில் இருப்பவர் பலரை அடைவதில்லை. குடும்பத்தோடு தொடர்பு ஏற்படுத்தும் அந்த முதல் நாளில் இதையும் சரிசெய்துவிடலாம்.


பழைய துணை ஜெயிலர் எழுதியது:

உடைமை அறையில் மருந்து உறை என்பது நடைமுறைக்கு ஏற்ற யோசனை. நான் பணியில் இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால் மறுநாளே செய்திருப்போம். மருத்துவர் காலாவதித் தேதியைப் பார்த்து மாதந்தோறும் உறையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

தனிமைப்படுத்துவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர்கள் அதை எளிய செயலாக நினைக்கிறார்கள். சிறைக்குள் தனி அறை என்றால் தண்டனை என்றே பொருள். நான் பணியாற்றிய ஓர் இடத்தில், சின்னம்மைக்காக ஒதுக்கிய அறைகள் தண்டனைக் கொட்டடிகளின் வரிசையிலேயே இருந்தன. மனு, அதாவது வீட்டார் வந்து பார்ப்பதும் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு யாரும் கொப்புளத்தைக் காட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மறைத்தார்கள். உடன் இருந்தவர்களும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள், அவளை அடைத்து வைப்பதா என்று கேட்டவர்களும் உண்டு. அந்த நம்பிக்கையை நாங்கள் எதிர்க்கவில்லை. அறைகளை மருத்துவமனைப் பக்கம் மாற்றினோம், வேப்பிலைக்கு அனுமதித்தோம், இளநீரும் மோரும் கொடுத்தோம், வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தந்தோம். அதன் பின் தாமாகவே வந்து சொன்னார்கள். நோயைச் சொன்னவர் எதையும் இழக்கக் கூடாது. வீட்டாரோடு பேசும் உரிமை, உணவு, கூலி, நன்னடத்தைக்காகத் தண்டனைக் காலத்தில் தரும் கழிவு எதுவும் குறையாது என்று முதலிலேயே அறிவிக்காமல் தனிமைப்படுத்தினால், பரவலை நாமே வளர்க்கிறோம்.


வைகைக்கரை எழுதியது:

துணை ஜெயிலர் ஐயா எழுதியதை ஒவ்வொரு சுகாதார ஆய்வாளரும் படிக்க வேண்டும். சின்னம்மையில் கொப்புளம் தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடுகிறது. கொப்புளம் முழுதும் பொருக்காகும் வரை பரவும். உடன் இருந்தவருக்கு வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகலாம். ஆகவே ஒருவர் மறைத்தால், கணக்கு மூன்று வாரம் பின்தங்கிவிடுகிறது. உள்ளே எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்த நோய் நுரையீரல் வரை போகும் ஆபத்து உண்டு என்பதால், இதைச் சிறு நோய் என்று விடவும் முடியாது.

இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும்: ஒரு சிறையிலிருந்து மற்றொரு சிறைக்கு மாற்றுவது. 2020 மே இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கொரோனா பரவிய சீனோ சிறையிலிருந்து நோய் அபாயம் மிகுந்த 120-க்கும் மேற்பட்ட கைதிகளை, அவர்களைக் காப்பாற்றும் எண்ணத்திலேயே, நோயே இல்லாதிருந்த சான் குவென்டின் சிறைக்குப் பேருந்துகளில் அனுப்பினார்கள். அவர்களுக்குச் செய்திருந்த பரிசோதனை வாரக்கணக்கில் பழையது. சில வாரங்களில் சான் குவென்டினில் 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. 28 கைதிகளும் ஓர் அலுவலரும் இறந்தார்கள். 1918-இல் அதே சிறைக்குள் இன்ஃபுளுவென்சா நுழைந்ததும், லாஸ் ஏஞ்சல்ஸ் சிறையிலிருந்து மாற்றப்பட்ட ஒரு கைதி வழியாகத்தான். ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே வாயில் வழியாக அதே தவறு. நம் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23 அன்று, ஒவ்வொரு மாநிலத்திலும் உயர்நிலைக் குழு அமைத்து, ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் இருப்போரை இடைக்கால ஜாமீனிலோ விடுப்பிலோ அனுப்புவது பற்றி முடிவெடுக்கச் சொன்னது. நெருக்கத்தைக் குறைக்க அது சரியான வழி என்பது என் கருத்து.

மாற்றத்துக்கு முன் மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்பதோடு நிறுத்தக் கூடாது. கிளைச் சிறையிலிருந்து மத்திய சிறைக்கு ஒருவர் வரும்போது, அங்கு யாருக்கேனும் காய்ச்சலோ அம்மையோ இருந்ததா என்ற ஒற்றை வரித் தகவலும் உடன் வர வேண்டும். ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004 முதல் இருக்கிறது. சிறை மருத்துவமனையை அதன் முழு அளவிலான தகவல் மையமாக நடத்தினால், அந்த வரி நகர்நல அலுவலரின் கணினியிலும் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலும் ஒரே நாளில் தெரியும்.


பட்டமேற்படிப்பு எழுதியது:

சமூக மருத்துவம் படிக்கும் மாணவி. பெரியோர் மன்னிக்க வேண்டும், சொறி சிரங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. உயிர் போகாத நோய் என்பதால் அதை யாரும் தொற்றுப் பரவலாக எண்ணுவதில்லை. ஆனால் இரவெல்லாம் உறக்கம் இல்லாமல், சொறிந்த இடத்தில் சீழ் பிடித்து, சிலருக்குச் சிறுநீரகம் வரை பாதிப்பு போகிறது. அதைக் கட்டுப்படுத்த எப்படித் திட்டமிட வேண்டும்?


தோப்பூர்க் காற்று எழுதியது:

கேட்டது நல்லது அம்மா. புதிதாகத் தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால், அரிப்பவருக்கு மட்டும் மருந்து தடவினால் அந்தப் பிளாக்கில் அது ஓயவே ஓயாது. ஒரே நாளில் அத்தனை பேருக்கும் பெர்மெத்ரின் களிம்பு அல்லது ஐவர்மெக்டின் மாத்திரை, ஒன்றிரண்டு வாரத்தில் இன்னொரு முறை. அதே நாளில் போர்வையும் உடையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். பணியில் உள்ள வார்டர்களையும் விட்டுவிடக் கூடாது. இதற்கான மருந்தை மொத்தமாக ஒரே நாளில் தருவது சிறை மருந்தகத்தால் முடியாது. மாநகராட்சியும் மருத்துவக் கல்லூரியின் தோல், சமூக மருத்துவத் துறைகளும் சேர்ந்தால் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். உங்களைப் போன்ற மாணவர்கள் உள்ளே போவதற்கு அது நல்ல தொடக்கமாகவும் இருக்கும்.


கறுப்பு அங்கி எழுதியது:

அடிப்படையான கேள்வி ஒன்று மிஞ்சுகிறது: சிறை மருத்துவமே சுகாதாரத் துறையின் கீழ் போய்விட வேண்டுமா? நார்வே 1988-இலும் பிரான்சு 1994-இலும் அவ்வாறு மாற்றின. இங்கிலாந்தில் 2006-இல் அது தேசிய சுகாதாரச் சேவையின் பொறுப்புக்கு முழுமையாக வந்தது. எனக்கு அதில் விருப்பம் உண்டு. மண்டேலா விதிகளின் 27-ஆம் விதி, மருத்துவ முடிவைச் சிறையின் மருத்துவம் சாராத அலுவலர் மாற்றக் கூடாது என்கிறது. மருத்துவரின் பதவி உயர்வும் விடுப்பும் சிறை நிர்வாகத்தின் கையில் இருக்கும் இடங்களில் அந்த விதி காகிதத்திலேயே இருக்கும்.


பழைய துணை ஜெயிலர் எழுதியது:

இதில் நான் உடன்படவில்லை. பெயர்ப் பலகை மாறினால் வழிக்காவலர் கிடைத்துவிடுவாரா? துறை மாறிய பிறகு, இது உங்கள் பொறுப்பு என்று சிறைத்துறையும், வாயில் உங்கள் கையில் என்று சுகாதாரத் துறையும் சொல்லத் தொடங்கும். இப்போது ஒருவரையாவது பிடித்துக் கேட்க முடிகிறது. துறை மாற்றத்துக்குச் சட்டசபை வரை போக வேண்டும்; மாதம் ஒருமுறை கண்காணிப்பாளர், சிறை மருத்துவர், நகர்நல அலுவலர், காசநோய்த் துணை இயக்குநர், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர், ஆயுதப்படை அதிகாரி ஆகியோர் ஒரே மேசையில் உட்கார ஆட்சியரின் ஒரு கடிதம் போதும். ஆயுதப்படை அதிகாரியை மறந்துவிடாதீர்கள்; அவர் இல்லாத கூட்டத்தில் எடுக்கும் முடிவு மருத்துவமனை வரை போய்ச் சேராது.


கறுப்பு அங்கி எழுதியது:

துறை மாற்றத்தில் நம் கருத்து வேறுபாடு தொடரட்டும். மாதக் கூட்டத்தை நான் ஏற்கிறேன். அதில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் சேர்க்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். ஆணைக்குழுவின் வழக்குரைஞர்கள் இப்போதே சிறைக்குச் செல்கிறார்கள். பெயில் மனு போடும்போதே, ஒப்புதல் பெற்று, இவருக்குச் சிகிச்சை நடக்கிறது என்று சிறை மருத்துவருக்கு அறிவித்துவிட்டால் உறை தயாராக இருக்கும். நோயின் பெயரை நீதிமன்றக் காகிதத்தில் எழுதவே தேவையில்லை. இதற்கான வேண்டுகோள் மனு ஒன்றை எழுதுகிறேன். துணை ஜெயிலர் ஐயாவும் வைகைக்கரை ஐயாவும் வரைவைப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.


மாசி வீதி எழுதியது:

அந்த மனுவில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வார்டரின் அம்மாவைப் பற்றி எழுதியதற்கு எனக்குப் பதில் இல்லை.


தோப்பூர்க் காற்று எழுதியது:

செல்வி சகோதரிக்குத் தருவதாகச் சொன்ன விடை. தம்பியோடு ஒரே வீட்டில் இருந்த அனைவரும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். அம்மாவுக்கு இருமல் இல்லை என்றாலும் எக்ஸ்ரே எடுங்கள். நோய் இல்லை என்று உறுதியான பின், வராமல் தடுக்கும் மாத்திரை இலவசமாகத் தருவார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் அதை முதலில் காட்டுங்கள்; அந்த வயதில் நோய் வேகமாக முற்றும். தம்பிக்கு மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்று முடிவு வந்தால், தடுப்பு மாத்திரையும் வேறாக அமையும் என்பதால், அந்த முடிவுச் சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். உசிலம்பட்டி அரசு மருத்துவமனையிலேயே கேட்கலாம். தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனை வரை வர வேண்டியிருந்தால் இங்கு எழுதுங்கள், எந்த நாளில் யாரைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.